ஆல்பம் அட்டை வடிவமைப்பும் எழுத்துருத் தேர்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இசை ஆல்பங்களுக்கு அட்டையும் புக்லெட்டும் வடிவமைப்பது என் வேலை. பாட்டைப் பதிவு செய்து முடித்துவிட்டு வருகிறவர்களும், இந்த வேலையைப் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

எல்லாரும் போனில்தான் பாட்டு கேட்கிறார்கள். இன்னும் எதற்கு அட்டை, புக்லெட் எல்லாம்?

போனில் கேட்கும்போதும் ஒரு சதுரப் படம் கூடவே வருகிறது. ஆனால் அந்தச் சதுரத்தில் ஆல்பத்தின் பெயருக்கும் பாடியவர் பெயருக்கும் மட்டும்தான் இடம். இரண்டாவது பாட்டில் புல்லாங்குழல் வாசித்தது யார், கோரஸில் பாடியவர்கள் யார் என்று தேடுகிறவருக்குப் புக்லெட் மாதிரி நம்பகமான இடம் வேறு இல்லை. உழைத்தவர்களின் பெயர் தங்கும் இடம் அது. கீழே நான் சொல்லப்போவதில் பாதி அந்தப் பெயர்களைப் பற்றித்தான்.

இசைக்கு 'ஆல்பம்' என்ற சொல்லே தட்டுகளைப் பொதிந்து விற்ற முறையிலிருந்து வந்ததுதான். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றிய பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சில நிமிடங்களே கொள்ளும். நீளமான இசைக்குப் பல தட்டுகள் தேவைப்பட்டன. புகைப்பட ஆல்பம் போலக் காகித உறைகளைச் சேர்த்துத் தைத்த ஒரு புத்தகத்தில் அவற்றை வைத்து விற்றார்கள். அதன் மேலட்டை பெரும்பாலும் வெறுமையாக, பெயர் மட்டும் பொறித்ததாக இருந்தது. 1939இல் கொலம்பியா ரெக்கார்ட்ஸில் கலை இயக்குநராகச் சேர்ந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ்தான் அந்த அட்டையில் ஓவியம் அச்சிடலாம் என்று நிறுவனத்தை இணங்க வைத்தார். நாம் இன்று செய்கிற வேலைக்கு அவர்தான் முன்னோடி.

வேலையை எங்கிருந்து தொடங்குவது? முதலில் படமா, ஃபான்டா?

இரண்டும் இல்லை. முதலில் பாட்டு, அடுத்து வார்த்தைகள். முழு ஆல்பத்தையும் வேறு வேலை எதுவும் செய்யாமல் இரண்டு மூன்று தடவை கேளுங்கள். அப்புறம் அச்சில் வரவேண்டிய எழுத்து அத்தனையையும் ஒரே ஃபைலில் எழுதி வாங்குங்கள். ஆல்பத்தின் பெயர், கலைஞர் பெயர், பாட்டு வரிசை, ஒவ்வொரு பாட்டின் நேரம், எழுதியவர், வாசித்தவர்கள், ஒலிப்பதிவு, மிக்ஸிங், மாஸ்டரிங், நன்றி, உரிமை வரி என எல்லாம் அதில் இருக்க வேண்டும். "அதெல்லாம் அப்புறம் தருகிறேன், நீங்கள் டிசைனைத் தொடங்குங்கள்" என்பார்கள். தொடங்காதீர்கள். பன்னிரண்டு பேர் வாசித்திருக்கிறார்களா, நாற்பது பேரா என்று தெரியாமல் பக்கக் கணக்கும் போட முடியாது, எழுத்தின் அளவும் முடிவு செய்ய முடியாது.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தவறால். ஆரம்ப காலத்தில் ஒரு ஆல்பத்துக்குப் பெயர்களைத் தொலைபேசியில் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்தேன். வயலின் வாசித்தவருடைய பெயரில் 'ன' வரவேண்டிய இடத்தில் 'ண' விழுந்துவிட்டது. அவருக்கு அது முதல் ஆல்பம். அச்சான பிறகுதான் தெரிந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் புக்லெட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பார்த்த முகம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. அதிலிருந்து ஒவ்வொரு பெயரையும் அவரவர் கையாலேயே எழுதி வாங்குகிறேன்.

ஜுவல் கேஸ், டிஜிபேக், எல்பி... எது எந்த அளவு?

சிடி 120 மி.மீ. குறுக்களவு, நடுத்துளை 15 மி.மீ. வழக்கமான பிளாஸ்டிக் பெட்டிதான் ஜுவல் கேஸ். அதன் வெளி அளவு 142 × 125 × 10 மி.மீ. முன்னால் செருகும் புக்லெட் சுமார் 120 மி.மீ. சதுரம். பின்னால், வட்டைப் பிடித்திருக்கும் ட்ரேக்கு அடியில் போகும் தாள் சுமார் 151 × 118 மி.மீ.; அதில் இரு ஓரமும் 6.5 மி.மீ. அளவுக்கு மடிந்து, அடுக்கில் நிறுத்தும்போது தெரியும் முதுகாகிறது. டிஜிபேக் என்பது தடித்த அட்டையை மடித்து உள்ளே பிளாஸ்டிக் ட்ரே ஒட்டியது. கேசட் உறையின் முன்பக்கம் சுமார் 65 × 101 மி.மீ., முதுகு 12 அல்லது 13 மி.மீ. 12 அங்குல இசைத்தட்டான எல்பியின் உறை ஏறக்குறைய 315 மி.மீ. சதுரம், தட்டின் நடுவே ஒட்டியிருக்கும் லேபிள் 100 மி.மீ.

இந்த எண்களை மனதில் வரைந்து பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வேலை தொடங்குவதற்கு முன் அச்சிடப்போகிறவரிடம் அவருடைய டெம்ப்ளேட்டை, அதாவது வெட்டும் மடிப்பும் குறித்த அளவு வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். டிஜிபேக்கில் பை எந்தப் பக்கம், மடிப்பு எத்தனை என்பதைப் பொறுத்து ஒவ்வொரு இடத்திலும் சில மில்லிமீட்டர் மாறும். அந்தச் சில மில்லிமீட்டரில்தான் முதுகு எழுத்து மடிப்பில் போய் விழுகிறது.

புக்லெட்டில் 10 பக்கம் வேண்டும் என்கிறார்கள், முடியுமா?

பின் அடித்த புக்லெட்டில் ஒரு தாளை மடித்தால் நான்கு பக்கம். எனவே 4, 8, 12, 16 என்றுதான் போகும். 10 பக்கத்துக்குப் பொருள் இருந்தால் 12 ஆக்கி, கூடுதல் இடத்தைப் பாட்டு வரிகளுக்குக் கொடுங்கள். பக்கம் மிகவும் கூடினால் ஜுவல் கேஸின் பிடிப்புகளுக்குள் புக்லெட் நுழையாது. திணித்தால் ஓரம் கிழியும். அதிகபட்சம் எத்தனை என்பது தாளின் தடிமனைப் பொறுத்தது, அச்சகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ப்ளீட் விடச் சொல்கிறார்களே, அது என்ன?

தாளை வெட்டும் கத்தி எப்போதும் ஒரே கோட்டில் இறங்காது, கொஞ்சம் அப்படி இப்படி நகரும். படம் வெட்டுக்கோட்டோடு முடிந்துவிட்டால் ஓரத்தில் வெள்ளைக் கீற்று தெரியும். அதனால் படத்தை எல்லாப் பக்கமும் 3 மி.மீ. வெளியே நீட்டி விடுகிறோம், அதுதான் ப்ளீட். அதே காரணத்துக்காக எழுத்து வெட்டுக்கோட்டிலிருந்து குறைந்தது 3 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும். நான் 5 விடுவேன். ஓரத்தை ஒட்டி மெல்லிய கட்டம் போடாதீர்கள், கத்தி அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அது கோணலாகத் தெரியும்.

3000 பிக்ஸல் சதுரமாக ஒரு படம் செய்து வைத்திருக்கிறேன். அதையே எல்லாவற்றுக்கும் போடலாமா?

இணையத்தில் பாட்டு கேட்கும் ஸ்ட்ரீமிங் தளங்களுக்குப் போதும். விநியோகிப்பவர்கள் பொதுவாகக் கேட்பது அந்த 3000 × 3000 அளவுதான். சிடி புக்லெட்டுக்கும் தாராளம்: ப்ளீட் சேர்த்து 126 மி.மீ., ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்கிட்டால் சுமார் 1500 பிக்ஸல் போதும். எல்பிக்குத்தான் போதாது. 315 மி.மீ. உறையோடு ப்ளீட்டும் சேர்ந்தால் 3800 பிக்ஸலுக்குப் பக்கத்தில் வேண்டும். ஆகவே ஆல்பம் என்றாவது எல்பியாக வரலாம் என்ற எண்ணம் இருந்தால் முதலிலேயே 4000க்குக் குறையாமல் செய்யுங்கள். சிறியதைப் பிறகு இழுத்துப் பெரிதாக்கினால் மங்கும்.

இன்னொன்று. ஸ்ட்ரீமிங் படத்தில் இணைய முகவரி, விலை, சமூக வலைத்தளப் பெயர், "சிடியாகவும் கிடைக்கும்" போன்ற வரிகள் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். படத்தில் உள்ள கலைஞர் பெயரும் ஆல்பம் பெயரும் நீங்கள் படிவத்தில் எழுதியதோடு ஒத்துப்போக வேண்டும்.

சின்னப் படமாகப் பார்க்கும்போது தலைப்பே தெரியவில்லை. எழுத்தைப் பெரிதாக்கினால் போதுமா?

பல சமயம் போதாது. எழுத்து மறைவதற்கு அளவைவிடக் கோட்டின் மெலிவு பெரிய காரணம். தடித்த கோடும் மயிரிழைக் கோடும் மாறி மாறி வரும் ஃபான்டைச் சுருக்கினால் மெல்லிய கோடு கரைந்து, தடித்த துண்டுகள் மட்டும் மிஞ்சும். இன்னொரு காரணம், எழுத்துக்குப் பின்னால் இருக்கும் படம். முகம், இலை, கூட்டம் போன்ற சலசலப்பான பகுதி மேல் எழுத்தை வைத்தால் எவ்வளவு பெரிதாக்கினாலும் படிக்க முடியாது. அமைதியான பகுதிக்கு நகர்த்துங்கள்.

நான் செய்யும் சோதனை எளியது. அட்டையைத் திரையில் கட்டை விரல் நகம் அளவுக்குச் சுருக்கி, கறுப்பு வெள்ளையாக்கிப் பார்ப்பேன். நிறம் போன பிறகும் தலைப்பு பிரிந்து தெரிந்தால் சரி. சிவப்பு மேல் பச்சை எழுத்து நிறத்தோடு பார்த்தால் பளிச்சென்று இருக்கும். கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாகிவிடும்.

முன்பக்கம் பெயரே இல்லாமல் விடலாமா?

விடலாம். 1973இல் பிங்க் ஃபிளாய்ட் வெளியிட்ட முப்பட்டகக் கண்ணாடி அட்டையின் முன்பக்கத்தில் குழுவின் பெயரும் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. 1968இல் பீட்டில்ஸ் வெளியிட்ட வெள்ளை அட்டையில் பெயர் மையால் அச்சிடாமல் புடைப்பாக மட்டும் இருந்தது. இரண்டு குழுவும் அதற்குள் உலகம் அறிந்தவை என்பதை மறக்க வேண்டாம்.

முதல் ஆல்பம் போடுகிறவருக்கு நான் சொல்வது: ஸ்ட்ரீமிங்கில் படத்தின் பக்கத்திலேயே பெயர் எழுத்தில் வருவதால் அங்கே பெயர் இல்லாத படம் பரவாயில்லை. கையில் எடுக்கும் சிடியிலும் எல்பியிலும் பெயர் வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி முன்பக்கம் செய்வதில் எந்தத் தவறும் இல்லை.

எந்த வகை இசைக்கு எந்த ஃபான்ட் பொருந்தும்? ஒரு பட்டியல் கொடுங்கள்.

என்னிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. பட்டியல் தரமாட்டேன். மெட்டல் இசை என்றால் முள் முளைத்த எழுத்து, எலக்ட்ரானிக் என்றால் கணினித் திரை எழுத்து, நாட்டுப்புறம் என்றால் கரடுமுரடான கையெழுத்து என்று ஏற்கெனவே ஒரு பட்டியல் எல்லார் மனதிலும் இருக்கிறது. அதன்படி செய்தால் உங்கள் ஆல்பம் அந்த வகையைச் சேர்ந்தது என்பது மட்டும் தெரியும், உங்களுடையது என்பது தெரியாது.

வகையை விட்டுவிட்டு ஒலியைக் கேளுங்கள். சுரம் எப்படித் தொடங்குகிறது? டிரம் அடிபோல் சட்டென்று விழுகிறதா, வயலின் வில்போல் மெல்ல எழுகிறதா? சட்டென்று விழும் இசைக்கு வெட்டிவிட்ட முனை உள்ள எழுத்து நன்றாக உட்காரும். எழுந்து தேயும் இசைக்கு முனை உருண்ட எழுத்து, அல்லது தடிமன் கூடிக் குறையும் எழுத்து. பாட்டுகளுக்கு நடுவே மௌனம் நிறைய இருக்கிறதா? அப்படியானால் எழுத்தைச் சிறிதாக்கிச் சுற்றிலும் வெற்றிடம் விடுங்கள். நாற்பது பேர் சேர்ந்து வாசிக்கும் நெரிசலான இசையா? எழுத்தும் அட்டையை நிரப்பட்டும். குரல் உங்கள் காதருகே பேசுகிற மாதிரி பதிவாகியிருந்தால் கையால் எழுதியது பொருந்தும், அதுவும் பாடியவர் கையெழுத்தாகவே இருந்தால் இன்னும் நல்லது.

நல்ல பாடம் வேண்டுமென்றால் 1950களின் நடுவிலிருந்து 1960கள் வரை புளூ நோட் நிறுவனத்துக்கு ரீட் மைல்ஸ் செய்த ஜாஸ் அட்டைகளைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் ஃபிரான்சிஸ் உல்ஃப் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று, கூட ஒரே ஒரு நிறம், மீதி எல்லாம் எழுத்து. சில அட்டைகளில் படமே சின்ன மூலையில் கிடக்கும். எழுத்துதான் தாளம் போடும். மைல்ஸ் பெரிய ஜாஸ் ரசிகர் இல்லை. தயாரிப்பாளர் ஆல்ஃப்ரெட் லயன் ஒவ்வொரு பதிவும் எப்படி இருந்தது என்று விவரிப்பார், அதைக் கேட்டு அவர் வடிவமைப்பார். இசையைச் சொல்லத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தது அவருக்குப் பலமாக அமைந்தது. உங்களுக்கும் புரியாத இசை வந்தால் இசையமைப்பாளரை உட்காரவைத்துப் பேச விடுங்கள்.

ஒரு ஆல்பத்தில் எத்தனை ஃபான்ட் இருக்கலாம்?

இரண்டு. தலைப்புக்கு ஒன்று, மற்ற எல்லாவற்றுக்கும் ஒன்று. இரண்டாவதை அதிகத் தடிமன்கள் உள்ள குடும்பமாக எடுத்தால் மூன்றாவது தேவைப்படாது.

தமிழில் நல்ல ஃபான்டே இல்லையே, என்ன செய்வது?

முன்பு அப்படித்தான் இருந்தது. இப்போது அப்படிச் சொல்ல முடியாது. கட்டமரன் என்று பலரும் படிக்கும் 'கேட்டமரன்' ஒன்பது தடிமன்களில் இருக்கிறது. அதன் மெல்லியது பெரிய தலைப்புக்கு அழகு. முக்த மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவை சிறிய எழுத்திலும் தெளிவாக நிற்கும். நோட்டோ செரிஃப் தமிழ் நீண்ட பாட்டு வரிகளுக்கு நல்லது. பலூ தம்பி தடித்து உருண்டது, குழந்தைப் பாடல்களுக்கும் துள்ளலான இசைக்கும் பொருந்தும். கவிவனார் சாய்ந்த கையெழுத்துச் சாயல் கொண்டது. இவை எல்லாமே இலவசமாகக் கிடைப்பவை.

ஒரு ஃபான்டைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் ஃபைலில் உள்ள எல்லாப் பெயர்களையும் அதில் போட்டுப் பாருங்கள். கூ, ஞூ, ணூ, க்ஷ, ஸ்ரீ, எண்கள், மேற்கோள் குறி ஆகியவற்றில்தான் குறை வெளிப்படும். ஸ்ரீ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு வழியில் தட்டச்சு செய்யலாம், சில ஃபான்டுகள் அதில் ஒன்றை மட்டும் சேர்த்துக் காட்டும். பழைய காலத் தோற்றம் வேண்டுமென்றால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவங்கள், அதாவது கொம்பு சுழித்த லை, ளை, ணை, னை உள்ள ஃபான்டைத் தேடுங்கள். புதிய வடிவத்தில் லை எழுதி, பழுப்பு நிறம் பூசி, "அந்தக் காலம்" என்று காட்டினால் எழுத்து தெரிந்தவர் கண்ணில் உறுத்தும்.

தலைப்பு ஒரு சொல்தான் என்றால் ஃபான்டைத் தேடுவதற்குப் பதிலாக அதைக் கையால் எழுதிப் பாருங்கள். பெரிய தாளில் பிரஷ்ஷாலோ பட்டைப் பேனாவாலோ இருபது முப்பது தடவை எழுதினால் ஒன்றாவது தேறும். அதை ஸ்கேன் செய்து திருத்திக்கொள்ளலாம். தமிழ் எழுத்தில் வளைவு அதிகம், கை நன்றாக ஓடும்.

தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து வருகிறது. எப்படிப் பொருத்துவது?

ஒரே புள்ளி அளவு (எழுத்தின் அளவைச் சொல்லும் 'பாயின்ட்') கொடுத்தால் இரண்டும் ஒரே அளவாகத் தெரியும் என்று நம்பாதீர்கள். கண்ணால் பார்த்துச் சமன் செய்யுங்கள். ஆங்கிலச் சின்ன எழுத்தின் உடல் உயரத்தைவிடத் தமிழ் 'க', 'ப' கொஞ்சம் உயரமாக நின்றால் போதும். ஆங்கிலத்தை முழுக்கப் பெரிய எழுத்தில் போட்டால் பக்கத்தில் உள்ள தமிழ் சிறுத்துவிடும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவே இல்லாததால் அதற்கு ஈடு கொடுக்க வழியில்லை. அழுத்தம் வேண்டிய இடத்தில் தடிமனையோ அளவையோ கூட்டுங்கள்.

கோட்டின் தடிமன் இரண்டிலும் ஒன்றாகத் தெரிகிறதா என்பதுதான் முக்கியம். இரு மொழிக்கும் ஒரே குடும்பத்தில் எழுத்து உள்ள ஃபான்டை எடுத்தால் பாதி வேலை முடிந்தது. மேலே சொன்னவற்றில் பல அப்படிப்பட்டவைதான்.

எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டால் ஸ்டைலாக இருக்கிறது. தமிழிலும் செய்யலாமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்தும் தனித்து நிற்கும். தமிழில் 'கொ' என்பது ஒரே எழுத்து, ஆனால் வடிவத்தில் கொம்பு, க, கால் என மூன்று துண்டு. இடைவெளியைக் கூட்டினால் பல மென்பொருள்கள் அந்த மூன்றையும் பிரித்துப் போட்டுவிடும். கால் தள்ளிப்போனால் அதை 'ர' என்று கண் படிக்கும். கட்டாயம் வேண்டுமென்றால் தலைப்பை வடிவமாக மாற்றி, ஒவ்வொரு முழு எழுத்தையும் கையால் நகர்த்தி வையுங்கள்.

வரிக்கு வரி உள்ள இடைவெளி வேறு விஷயம், அதைத் தாராளமாக விடுங்கள். தமிழில் மேலே புள்ளியும் விசிறியும், கீழே கு, மு, து போன்றவற்றின் சுழியும் இருப்பதால் இரு வரிகள் மோதிக்கொள்ளும். எழுத்து அளவில் ஒன்றரை மடங்கு வரி இடைவெளியில் தொடங்கிக் குறைத்துப் பாருங்கள்.

டிசைன் மென்பொருளில் தமிழ் உடைந்து உடைந்து வருகிறது. ஃபான்டில் கோளாறா?

பெரும்பாலும் ஃபான்டில் இல்லை, அமைப்பில்தான். அடோபி மென்பொருள்களில் பத்தி அமைப்பை 'வேர்ல்ட் ரெடி கம்போசர்' என்பதற்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். யூனிகோடுக்கு முந்தைய பழைய குறியாக்கத்தில் தட்டச்சு செய்த எழுத்தை யூனிகோட் ஃபான்டுக்கு மாற்றினாலும் குப்பையாகத்தான் வரும், முதலில் அதை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

அச்சகத்துக் கணினியிலும் இதே உடைசல் நடக்கலாம். அதனால் அனுப்பும் பிரதியில் எல்லா எழுத்தையும் அவுட்லைனாக, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவமாக மாற்றுங்கள். மாற்றாத மூல ஃபைலைத் தனியாகப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அவுட்லைன் ஆன பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது.

கிரெடிட்ஸ் எல்லாம் எவ்வளவு சின்ன எழுத்தில் போடலாம்?

ஆங்கிலத்தில் 6 புள்ளி வரை போகிறார்கள். தமிழுக்கு நான் 7க்குக் கீழே போகமாட்டேன். 'ண'வில் எத்தனை சுழி என்று எண்ண முடியாத அளவில் ஒருவர் பெயரை அச்சிடுவது அவருக்குச் செய்யும் மரியாதை இல்லை. கறுப்பின் மேல் வெள்ளை எழுத்து என்றால் இன்னும் ஒரு புள்ளி கூட்டுங்கள், தடிமனையும் ஒரு படி ஏற்றுங்கள். நான்கு மையும் (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) சேர்ந்த கறுப்பில் வெள்ளை எழுத்தை விடும்போது மை சற்றுப் பரவினாலும், ஒவ்வொரு மைக்கும் உள்ள அச்சுத் தட்டுகள் மயிரிழை விலகினாலும் சுழிகள் அடைத்துக்கொள்ளும். மினுக்கும் ஃபாயில் தகடு ஒட்டுவதற்கும் புடைப்புக்கும் சின்ன எழுத்தே ஆகாது.

இடம் போதவில்லை என்றால் நன்றி உரையைக் குறையுங்கள். வாசித்தவர்கள் பட்டியலைச் சுருக்காதீர்கள்.

இலவச ஃபான்டை விற்பனைக்கு வரும் ஆல்பத்தில் பயன்படுத்தலாமா?

உரிமத்தைப் படித்துப் பார்த்தால்தான் தெரியும். 'ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ்' என்று இருந்தால் கவலையில்லை. வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி உண்டு, ஃபான்டைத் தனியாக விற்கத்தான் கூடாது. 'தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்' என்று இருந்தால் ஆல்பத்துக்கு ஆகாது. கட்டணம் கட்டி உரிமம் வாங்க வேண்டும். பதிவிறக்கும்போதே உரிமக் கோப்பையும் அந்த ஆல்பத்தின் ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.

திரையில் பார்த்த நிறம் அச்சில் செத்துப்போய் வருகிறதே?

திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால். நியான் பச்சை, மின்னும் நீலம் போன்றவை நான்கு மைகளின் கலவைக்குள் அடங்காது. முதலிலேயே சிஎம்ஒய்கே என்ற அந்த நான்கு மை முறையில் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் பிறகு ஏமாற்றம் இருக்காது. ஒரு நிறம் அப்படியே வரவேண்டும் என்றால் அதைத் தனி மையாக அச்சிடக் கேளுங்கள், செலவு கூடும். மழமழப்பு இல்லாத தாள் மையை உறிஞ்சிக்கொள்வதால் படம் இன்னும் இருளும், அதற்கு ஏற்பச் சற்று வெளிச்சமாக்கி அனுப்ப வேண்டும்.

பெரிய கறுப்புப் பரப்புக்குக் கறுப்பு மை மட்டும் போதாது, சாம்பலடித்த மாதிரி வரும். கூடவே மற்ற மூன்று மையும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். ஆனால் நான்கின் கூட்டுத்தொகை 300 சதவீதத்தைத் தாண்டினால் தாள் காயாது. சிறிய எழுத்துக்கு இதற்கு நேர்மாறு, கறுப்பு மை மட்டும்.

வட்டின் மேலேயும் அதே படத்தைப் போட்டுவிடலாமா?

போடலாம், ஆனால் சிடி வெள்ளி நிறம். வெள்ளை அடித்தளம் போடாமல் அச்சிட்டால் நிறங்களுக்குள் அந்த வெள்ளி தெரியும். சில சமயம் அதையே அழகாகப் பயன்படுத்தலாம், எழுத்தை மட்டும் வெள்ளியாக விட்டால் நன்றாக இருக்கும். நடுத்துளையைச் சுற்றிய கண்ணாடிப் பகுதியில் எழுத்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்பி லேபிளைப் பசையால் ஒட்டுவதில்லை. தட்டை அழுத்தும்போதே வெப்பத்திலும் அழுத்தத்திலும் அது பிளாஸ்டிக்கோடு சேர்ந்துவிடும். சற்று நகரவும் கூடும் என்பதால் ஓரத்தை ஒட்டி வட்டக் கோடு வேண்டாம். ஒரு பக்கத்தில் 22 நிமிடம் அளவுக்கே நன்றாகக் கொள்ளும் என்பதால் பாட்டு வரிசை மாறுவதுண்டு, பின்னட்டை வரிசையை மாஸ்டரிங் (ஒலியை வெளியீட்டுக்குத் தயார் செய்யும் கடைசி வேலை) முடிந்த பிறகு மறுபடி சரிபாருங்கள்.

பார்கோடு அட்டையைக் கெடுக்கிறது. சின்னதாக்கி, நிறம் மாற்றிப் போடலாமா?

13 இலக்கப் பார்கோட்டின் முழு அளவு 37.29 × 25.93 மி.மீ. அதில் 80 சதவீதம் வரை குறைக்கலாம், ஏறக்குறைய 30 × 21 மி.மீ. இரு பக்கமும் உள்ள வெற்றிடமும் அந்த அளவில் அடக்கம், அதில் எதுவும் வைக்கக் கூடாது. ஸ்கேனர்களில் பெரும்பாலும் சிவப்பு ஒளி என்பதால் வெள்ளை மேல் சிவப்புக் கோடு அதற்குத் தெரியவே தெரியாது. அடர் நீலம், அடர் பச்சை சரி. பின்னட்டையைத் தொடங்கும்போதே பார்கோட்டுக்கு ஒரு மூலையை ஒதுக்கிவிட்டால் கடைசியில் அது பாட்டுப் பட்டியல் மேல் ஏறி உட்காராது.

வட்டத்துக்குள் 'சி', வட்டத்துக்குள் 'பி' என்று இரண்டு குறி போடுகிறார்களே, இரண்டும் வேண்டுமா?

வேண்டும், இரண்டும் வேறு. 'பி' ஒலிப்பதிவின் உரிமை, 1961 ரோம் உடன்படிக்கையில் வந்தது. 'சி' அட்டையின் படம், எழுத்து போன்றவற்றின் உரிமை. இரண்டுக்கும் பக்கத்தில் ஆண்டும் உரிமையாளர் பெயரும் வரும். உரிமையாளர் இரண்டிலும் ஒருவராக இல்லாமலும் இருக்கலாம், கேட்டுத் தெரிந்துகொண்டு போடுங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த ஃபான்டில் அந்தக் குறிகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். 'பி' குறி பல தமிழ் ஃபான்டுகளில் இருக்காது.

அனுப்புவதற்கு முன் கடைசியாக எதைப் பார்க்க வேண்டும்?

முழு அளவில் சாதாரண பிரின்டரில் அச்சிட்டு, வெட்டி, மடித்து, ஒரு மாதிரி செய்யுங்கள். பழைய பெட்டியில் செருகி, மற்ற சிடிகளோடு அடுக்கில் நிறுத்திப் பாருங்கள். முதுகு எழுத்து தலைகீழாக இருந்தால் அப்போது தெரியும். திரையில் யாருக்கும் தெரிவதில்லை.

பெயர்களைப் பார்ப்பதற்குத் தனி வழி. வேலையில் சம்பந்தப்படாத ஒருவரை உட்காரவைத்து அச்சிட்ட தாளிலிருந்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். கலைஞர்கள் எழுதிக் கொடுத்த மூலத்தை நீங்கள் கையில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். 'ஔ' என்ற ஒரே எழுத்துக்குப் பதிலாக 'ஒ', 'ள' என்று இரண்டாக அடித்திருப்பது போன்ற, காதில் விழாத பிழைகளுக்காக இன்னொரு சுற்று கண்ணாலும் போங்கள்.

ப்ரூஃபுக்கு, அதாவது அச்சகம் காட்டிய சரிபார்ப்புப் பிரதிக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டேன். இப்போதுதான் ஒரு பெயர் தப்பு என்று தெரிகிறது. இனி ஏதாவது செய்ய முடியுமா?

உடனே தொலைபேசியில் கூப்பிடுங்கள், மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். அச்சுத் தட்டு போடுவதற்கு முன்பு என்றால் அந்தப் பக்கத்தின் பிடிஎஃபை மட்டும் மாற்றினால் முடிந்தது. தட்டு போட்டுவிட்டிருந்தாலும் அச்சு ஓடவில்லை என்றால் அந்தத் தாளுக்கு மட்டும் புதுத் தட்டு போடலாம். கறுப்பு மையில் மட்டும் உள்ள எழுத்து என்றால் கறுப்புத் தட்டு ஒன்றை மாற்றினாலே போதும். சிறிய எழுத்தைக் கறுப்பில் மட்டும் வையுங்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

அச்சாகிவிட்டது, ஆனால் பெட்டியில் போடவில்லை என்றால் அந்தப் புக்லெட்டை மட்டும் மறுபடி அச்சிட எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். முடியாவிட்டால் ஒரு சின்னத் திருத்தச் சீட்டு அச்சிட்டுப் புக்லெட்டுக்குள் வையுங்கள், ஸ்ட்ரீமிங் தளங்களில் உள்ள விவரத்தில் அந்தப் பெயரைச் சரிசெய்யுங்கள், அடுத்த பதிப்புக்கான மூல ஃபைலை அன்றைக்கே திருத்தி வையுங்கள். இதையெல்லாம் தொடங்குவதற்கு முன் அந்தக் கலைஞரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அவர் புக்லெட்டைத் திறக்கும்போதுதான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விடாதீர்கள்.